விழுந்தாரா, இறங்கினாரா

அன்பு மருமகன் ஜெரிஷுக்கு,

மாமா ராஜையன் எழுதுவது. கர்த்தருடைய சமாதானம் உன்னோடும் அஜிதாவோடும் பிள்ளையோடும் தங்கியிருப்பதாக. இந்தக் காலத்தில் மாமா ஏன் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பாய். குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் நான் எதை அனுப்பினாலும் உன் மாமி முதலில் படித்துவிடுகிறாள். தனியாக அனுப்பலாமே என்றால், போன மாதம் பல் டாக்டருக்குத் தனியாக அனுப்பிய படம் ஆலயத்து இளைஞர் குழுவுக்குப் போய், அவர்கள் என் கடைவாய்ப் பல்லுக்காக ஜெபித்தார்கள். ஆகவே காகிதம். கோட்டையில் சட்டமன்றச் செயலகத்தில் வேலை பார்ப்பவனுக்கு நேரம் குறைவு என்பதால், வரப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. இங்கே எல்லோரும் சுகம்.

2. உன் மாமி தேவகனி, சட்டமன்றக் குழு ஒன்றின் முன்னால் கடவுள் பேரில் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்லியிருக்கிறாள்.

3. அது எப்படி நடந்தது.

4. சத்தியம் செய்து பொய் சொன்னவர்களைச் சட்டமன்றங்கள் என்ன செய்கின்றன; அதில் எனக்குத் தெரிந்தது, தெரியாதது.

5. அன்று குழுவில் போதுமான உறுப்பினர்கள் இருந்தார்களா என்ற சந்தேகம்.

6. உன்னிடம் ஒரு வேண்டுகோள்.

முதல் அம்சத்தில் சொல்ல அதிகமில்லை. எனக்குக் கொஞ்சம் ஜலதோஷம் உண்டு. இடது கால் செருப்பை நாய் கொண்டுபோய்விட்டதாக உன் மாமியிடம் சொல்லியிருக்கிறேன். அதனால் பழைய செருப்பில் நடக்கிறேன். வெள்ளை வேட்டியைக் குறைத்துக்கொண்டு கறுப்புக் கைலி கட்டப் பழகியிருக்கிறேன். அழுக்கு தெரியாது, துவைப்பவளுக்கு வேலை குறைவு. மற்றபடி சுகம்.

இனி இரண்டாவது. மார்த்தாண்டத்தில் கல்லூரியில் வேலை பார்த்த காலம் முழுக்க, சட்டமன்றங்களின் உரிமைகள் பற்றிய, அரசியலமைப்பின் 194-ஆம் பிரிவைப் பிள்ளைகளுக்கு நடத்தினேன். அது ஒருநாள் என் அடுக்களைக்குள் வந்து உட்காரும் என்று நினைக்கவில்லை. உன் மாமியை உனக்குத் தெரியும். அவள் பொய் சொல்கிறவள் அல்ல. பெண்கள் ஐக்கியச் செயலாளராக இருந்துகொண்டு, ஒரு கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார் கேட்டபோது பெண்ணின் வயதை உள்ளபடி சொல்லி அந்தக் கல்யாணத்தையே நிறுத்தியவள். அப்படிப்பட்டவள், ‘எதையும் மறைக்க மாட்டேன், என் சாட்சியத்தில் எந்தப் பகுதியும் பொய்யாக இராது’ என்று வலது கையைத் தூக்கிச் சொல்லிவிட்டு, அந்தக் கையை இறக்குவதற்குள் பொய் சொன்னாள் என்றால், காரணம் இருக்க வேண்டும் அல்லவா? காரணம் மூன்றாம் அம்சத்தில் வருகிறது. காரணம் நான்தான்.

நம் வீட்டுக்கு முன்னால் ஓடும் சானலை மறந்திருக்க மாட்டாய். சின்ன வயதில் என் தங்கை உன்னை லீவுக்குக் கூட்டிவந்தால் அதிலேதான் கிடப்பாய். அதன் தென்கரையில் நாங்கள் முப்பது வீட்டுக்காரர்கள். ரோடு, பள்ளிக்கூடம், ஆலயம், தாணுலிங்கத்தின் சாயாக்கடை, அந்தக் கடைச் சுவரில் தொங்கும் தபால் பெட்டி, எல்லாம் வடகரையில். நடுவில் பாலத்துக்குப் பதிலாக இரண்டு தெங்குத்தடி, தென்னைமரத் தடிகள், போட்டிருந்தது. போன வெள்ளத்தில் ஒரு தடியை வெள்ளம் எடுத்துக்கொண்டது. மிச்சம் ஒரு தடி. அதன்மேல்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிறார்கள், பால் போகிறது, சவப்பெட்டியும் போகிறது. பாலம் கேட்டு நாங்கள் கொடுத்த மனுக்களை அடுக்கினால் அதன்மேலேயே நடந்து போகலாம் என்பது தாணுலிங்கத்தின் கணக்கு. அடுத்த வீட்டு ஷைஜா மார்த்தாண்டத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுடைய ஸ்கூட்டர் தாணுலிங்கத்தின் கடை ஓரத்தில்தான் நிற்கும். அவளுடைய மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்தத் தடியில் நடக்கும்போது, ஷைஜா கரையில் நின்று மூச்சை விடாமல் பார்ப்பாள். பிள்ளை அக்கரை ஏறிய பிறகுதான் மூச்சு விடுவாள். அவள் சொல்லித்தான் இந்தமுறை மனுவைச் சட்டமன்றக் குழுவுக்கு எழுதினோம். எழுதியது நான். அங்கேதான் பிழை.

வாத்தியார் வேலை பார்த்தவனுக்கு ஒரு வியாதி உண்டு மக்கா. எதையும் ஆதாரத்தோடு சொல்ல வேண்டும் என்று தோன்றும். ‘தடி ஆபத்தானது’ என்று ஒரு வரி எழுதினால் போதும் என்றாள் ஷைஜா. நான், ஆபத்துக்குச் சான்று வேண்டாமா என்று யோசித்து, நான் ஒருமுறை அதிலிருந்து விழுந்ததை இணைப்பு ‘அ’ என்று தனித்தாளில் விவரமாக எழுதி, மேற்கண்டவை யாவும் உண்மை என்று கையெழுத்தும் போட்டுச் சேர்த்தேன். பெண்கள் முதலில் கையெழுத்திடட்டும் என்று மரியாதைக்கு நான் சொன்னதால், மனுதாரர் வரிசையில் உன் மாமி முதலாவதாக வந்தாள். முதல் சாட்சியும் அவளே ஆனாள்.

குழு வந்தது. வடகரையில் ஆலய மண்டபத்தில் உட்கார்ந்தார்கள். வேறொரு ஊரில், இல்லாத குளத்தை இருக்கிறதென்று யாரோ சொல்லி, குழுவையே வெயிலில் அலைய வைத்தார்களாம். அதனால் தலைவர், இனிமேல் எல்லோரும் சத்தியம் செய்துதான் பேச வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முதலில் துறைப் பொறியாளர் சத்தியம் செய்தார். ‘சானலைக் கடக்க வசதி உள்ளது, நல்ல நிலையில் உள்ளது’ என்று சொல்லி ஒரு படம் காட்டினார். படத்தில் நம் தடி கம்பீரமாக இருந்தது. அவர் சொன்னதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். உண்மையை வசதியான ஒரு பக்கத்திலிருந்து படம் எடுத்திருந்தார். படம் இருந்ததால் குழு தடியை நேரில் போய்ப் பார்க்கவில்லை.

அடுத்து உன் மாமி. சத்தியம் முடிந்தது. தலைவர் நல்ல குரல் உள்ளவர். அவர் இணைப்பு ‘அ’வை எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, உரக்க வாசித்தார். “மனுதாரர் தென்கரையிலிருந்து வடகரைக்குச் செல்லுங்கால், தடியின் நடுப்பகுதியில் வலது கால் வழுக்கிச் சானலில் விழுந்தார். விரித்திருந்த குடை நீரோட்டத்தில் சென்றது. சற்று நேரத்தில் வேட்டியும் அதைப் பின்தொடர்ந்தது.”

மண்டபம் சிரித்தது. பொறியாளர் சிரித்தார், செல்போனில் படம் பிடித்தவர்கள் சிரித்தார்கள், என்னிடம் படித்த இரண்டு பேர் குனிந்துகொண்டு சிரித்தார்கள், பாடகர் குழுப் பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். எழுதும்போது எனக்கு அதில் நகைச்சுவை எதுவும் தெரியவில்லை. இப்போது திரும்ப எழுதும்போது கொஞ்சம் தெரிகிறது. உன் மாமி சிரிக்கவில்லை. சிரித்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

“அம்மா, உங்க வீட்டுக்காரர் விழுந்ததை நீங்க பார்த்தீங்களா?” என்று தலைவர் கேட்டார்.

“அவரு விழல்ல சார்.”

“மனுவில விழுந்ததா இருக்கே.”

“விழல்ல. இறங்கினாரு. குளிக்கதுக்கு.”

“குடையோடயா?”

“மழ பெய்துச்சே சார்.”

“வேட்டி போயிருச்சுன்னு...”

“பழைய வேட்டி. நானாக்கும் போட்டுரச் சொன்னது.”

சிரிப்பு நின்றுவிட்டது. அவள் அதற்காகத்தான் சொன்னாள் என்பது எனக்குப் புரிந்தது. ஆனால் தலைவர் விடவில்லை. “அப்படின்னா, இதுவரைக்கும் அந்தத் தடியிலிருந்து யாரும் விழுந்ததில்லை?” என்று கேட்டார். என்னைத் தனியாகக் காப்பாற்றிவிட்டு மற்றவர்களை விழச்செய்ய அவளால் முடியவில்லை. “யாரும் விழல்ல சார்” என்றாள். ‘விபத்து எதுவும் நிகழவில்லை என மனுதாரரே சாட்சியம் அளித்தார்’ என்று தலைவர் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதிக்கொண்டார். நான் எழுந்தேன். எழுந்து, ஐயா, நான் விழுந்தது உண்மை என்று சொல்வதற்காக வாயைத் திறந்தேன். ஓர் அலுவலர் என் தோளைத் தொட்டு, “பெரியவரே, டீ அந்தப் பக்கம்” என்றார். நான் அந்தப் பக்கம் போனேன். போயிருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது. டீயும் நன்றாக இல்லை.

திரும்பி வரும்போது உன் மாமி தடியில் நடுரோட்டில் போவதுபோல நடந்து போனாள். நான் இப்போதெல்லாம் தடியின்மேல் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் காலைத் தொங்கப்போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துதான் கடப்பது. நேரம் ஆகும். அதுவரை அவள் அக்கரையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பாள். ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை.

“தேவகனி, அது சத்தியம் செய்து சொன்னதல்லவா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“தெரியும்.”

“சட்டப்படி அது...”

“இஞ்ச பாருங்க. ஊரு மொத்தமும் உங்களப் பாத்துப் பல்லக் காட்டும்போ நான் சட்டம் பாக்கணுமா? வேட்டி போன கதையெல்லாம் எவனாவது சட்டசபைக்கு எழுதுவானா? படிச்ச ஆளுதானே நீங்க?”

“விவரமாக இருக்கட்டும் என்று...”

“விவரம். உங்க சட்டைக்கும் ஒரு விவரம் உண்டு. எப்பப் பாத்தாலும் மழையிலயாக்கும் நனையது.”

அந்தக் கடைசி வார்த்தை எதற்கு என்று நான் கேட்கவில்லை. சில இடங்களில் மேற்கொண்டு கேள்வி கேட்காமலிருப்பது சாட்சிக்கும் நல்லது, கேட்பவனுக்கும் நல்லது.

சாயங்காலம் ஷைஜா வந்தாள். வாசற்படி ஏறவில்லை. வெளியிலேயே நின்றாள். “மாமி, யாரும் விழல்லண்ணு நீங்க சொன்ன ஒத்த சொல்லுல எனக்க மகளு இனியும் அந்தத் தடியிலயாக்கும் போணும். அவ விழுந்தாலாவது விழுந்தாண்ணு சொல்லுவியளா?” என்றாள். மரச்சீனிக் கிழங்கு அரிந்துகொண்டிருந்த உன் மாமி கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். அன்று கிழங்கு வேகவே இல்லை.

அடுத்த நாள் நான் உட்கார்ந்து நகர்ந்து சாயாக்கடைக்குப் போனேன். என்னைத் தண்ணீரிலிருந்து வாழைக்குலை பறிக்கும் தொரட்டியால் இழுத்துப் போட்டது தாணுலிங்கம்தான். அந்த உரிமையில் அவர் பேசுவார்.

“ஓய் சாரே, பொஞ்சாதி சத்தியம் செய்து உம்மள நீச்சக்காரனாக்கிட்டாளே.”

“சும்மா இரும்.”

“நான் எதுக்குச் சும்மா இருக்கணும்? கண்ணால கண்ட சாட்சி நானாக்கும். என்னைய ஒருத்தன் கூப்பிட்டானா? தொரட்டியயும் கொண்டுவந்து காட்டியிருப்பேனே.”

“அவளுக்குத் தண்டனை வரும் ஓய்.”

“யாருக்கு, தேவகனியம்மைக்கா? எவன் வந்து பிடிப்பான்? தடியக் கடந்துல்லா வரணும்.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இனி நான்காம் அம்சம்.

நான் அறிந்தவரையில், இங்கிலாந்தில் சத்தியம் செய்விக்கும் அதிகாரம் நெடுங்காலம் பிரபுக்கள் சபைக்குத்தான் இருந்தது. மக்கள் சபைக்குப் பொதுவாகக் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். ஆனால் அதற்கு முன்பும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. யாராவது இச்சபையின் முன் பொய்ச்சாட்சி சொன்னால் மிகுந்த கடுமையோடு நடவடிக்கை எடுப்போம் என்று ஒவ்வொரு கூட்டத்தொடர் தொடங்கும்போதும் தீர்மானம் போடுவார்களாம். மிகுந்த கடுமை என்றால் எவ்வளவு என்று சொல்லவில்லை. அந்தச் சொல்லாத இடத்தில்தான் எனக்குத் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. அமெரிக்காவில் சபை தானே தண்டிப்பதில்லை. வழக்குத் தொடரச் சொல்லி நீதித்துறைக்கு அனுப்பிவிடும். குற்றம் நிரூபணமானால் ஐந்து வருடம்வரை சிறை. நம் நாட்டில், குழுவின் முன் பொய்ச்சாட்சி சொல்வது சபையையே அவமதித்ததாகும். விஷயம் உரிமைக் குழுவுக்குப் போகும். அவர்கள் விளக்கம் கேட்பார்கள். பிறகு எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், கூட்டத்தொடர் முடியும்வரை சிறையிலும் வைக்கலாம். கண்டிப்பது என்றால் சபையின் முன்னால் நிறுத்தி, பேரவைத் தலைவர் கண்டன வாசகத்தைப் படிப்பார். உன் மாமியை நிறுத்திவைத்துக் கண்டிப்பதை நான் கல்யாணமான நாளிலிருந்து முயன்றதில்லை. பேரவைத் தலைவர் முயல்வதாக இருந்தால் முன்கூட்டியே அவருக்கு யாராவது சொல்வது நல்லது. சிறை என்றால், கூட்டத்தொடர் எத்தனை நாள் ஓடும் என்று நீ சொன்னால், கோழிகளுக்கு ஏற்பாடு செய்யலாம். எனக்குத் தோசை மட்டும்தான் சுடத் தெரியும், அதுவும் ஒரு பக்கம்.

இப்படிப் பயந்துகொண்டே படித்தாலும், படிக்கப் படிக்க ஒன்று எனக்குத் தெளிந்தது. இது சரியா என்று நீதான் சொல்ல வேண்டும். இத்தனை அதிகாரம் இருந்தும், சட்டமன்றங்கள் அதை எடுத்துப் பயன்படுத்துவது மிகவும் குறைவு. பெரும்பாலும் தவறு செய்தவர் வருத்தம் தெரிவித்தால் விஷயம் அத்துடன் முடிகிறது. நான் அதை முன்பெல்லாம் வகுப்பில் பலவீனம் என்று சொல்லியிருக்கிறேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. சாட்சி சொல்ல வருகிறவனைப் பயமுறுத்தினால் அடுத்த சாட்சி வரமாட்டான். சபைக்கு வேண்டியது உன் மாமி அல்ல. சானலில் பாலம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் அதற்கு வேண்டியது. சொன்னவரே திரும்பி வந்து, நான் சொன்னது தவறு என்றால், சபைக்கு அது நஷ்டமில்லை, லாபம். ஆகவே கதவைப் பூட்டாமல் சாத்தி மட்டும் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணுகிறேன். ஒரே வருத்தம், அந்தக் கதவைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான். படம் எடுத்தவர் பயந்ததாகத் தெரியவில்லை.

சாட்சியத்தின் படியைச் சாட்சிக்கு அனுப்பித் திருத்தம் கேட்பார்கள் என்றும் படித்தேன். ஆனால் அது எழுத்துப்பிழைக்குத்தான். ‘விழல்ல’ என்பதை ‘விழுந்தாரு’ என்று மாற்றுவதை எழுத்துப்பிழை என்று வாதாட எனக்குத் தைரியம் இல்லை.

ஐந்தாம் அம்சம், நான் கொஞ்சம் நம்பிக்கை வைத்திருக்கும் அம்சம். அமெரிக்காவில் முன்பு ஒருவரை, குழுவின் முன் சத்தியம் செய்து பொய் சொன்னதாகத் தண்டித்தார்கள். அவர் பேசிய நேரத்தில் குழுவில் போதுமான உறுப்பினர் உட்கார்ந்திருந்ததாக நிரூபிக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் தண்டனையை நீக்கிவிட்டது. எனக்கு உடனே நம் மண்டபம் நினைவுக்கு வந்தது. வெயில் ஏறுவதற்கு முன் சிதறால் மலைக்கோயிலைப் பார்த்துவிடலாம் என்று உறுப்பினர்கள் பலர் காலையிலேயே போய்விட்டார்கள். உன் மாமி பேசும்போது மேடையில் தலைவரும் இன்னும் இரண்டு பேரும்தான். குழுவில் மொத்தம் பன்னிரண்டு பேர்; மூன்றில் ஒரு பங்கு வேண்டும் என்பது விதி என்று நினைக்கிறேன். அப்படியானால் இன்னொருவர் குறைகிறார். ஆனால் ஓரத்தில் ஒருவர் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கினார். அவர் உறுப்பினரா, டிரைவரா என்று தெரியவில்லை. உறுப்பினர் என்றால், தூங்குகிறவரைக் கணக்கில் சேர்ப்பார்களா? அரசியலமைப்பில் தேடினேன். இல்லை. உன் அனுபவத்தில் எப்படி?

ஆறாம் அம்சம். உன்னிடம் சிபாரிசு கேட்கவில்லை. உன் வேலைக்குக் களங்கம் வரும்படி எதையும் செய்யாதே. குழு இன்னும் ஊருக்குப் போகவில்லை. கன்னியாகுமரியில் தங்கியிருக்கிறார்கள், போகுமுன் நாகர்கோவிலில் இன்னொரு அமர்வு உண்டு என்று பேப்பரில் பார்த்தேன். சொன்னதைத் திருத்த விரும்பும் சாட்சி யாரிடம் போக வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்பதை மட்டும் எழுது. உன் மாமி தானாகப் போகமாட்டாள். ‘எனக்க மாப்பிள விழுந்தாரு’ என்று ஊர் முன்னால் சொல்ல அவளால் ஆகாது. நான்தான் ஏதாவது செய்தாக வேண்டும். என்ன என்று இன்னும் முடிவு செய்யவில்லை. பாலம் வரவேண்டும் மக்கா. அவளும் உள்ளே போகக் கூடாது. இரண்டும் ஒன்றாக நடக்க வழி இருக்குமென்றே நம்புகிறேன்.

உன் அம்மாவிடம் இதைச் சொல்லாதே. அவள் உடனே புறப்பட்டு வருவாள், தடியைக் கடக்க அவளுக்கும் வயதாகிவிட்டது. அஜிதாவுக்கு என் அன்பைச் சொல். பிள்ளை தமிழில் பேசுகிறதா? கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. என் போக்கையும் வரத்தையும் காக்கும்படி நீயும் ஜெபித்துக்கொள். எனக்கு நடுவில் தடி இருக்கிறது.

அன்புள்ள மாமா,
ராஜையன்

பி.கு.: மேலே உள்ளதை எழுதி முடித்தும் அனுப்பவில்லை. தபால் பெட்டி அக்கரையில் அல்லவா. மழை வலுத்ததால் தடி வழுக்கலாக இருந்தது. அதற்குள் நடந்தவற்றைச் சேர்க்கிறேன்.

உன் மாமி ஒருநாள் காலையில், மார்த்தாண்டம் சந்தைக்குப் போய் மீன் வாங்கி வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு ஷைஜாவின் ஸ்கூட்டரில் ஏறிப் போனாள். மத்தியானம் திரும்பி வந்தாள். பை காலி.

“மீன் எங்கே?” என்று கேட்டேன்.

“மீன் வாங்கல்ல. நாகர்கோயிலுக்குப் போனோம். சொல்ல வேண்டியதச் சொல்லியாச்சு.”

மீதியை ஷைஜாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். உன் மாமி குழுவின் அமர்வுக்குள் போய், என்னை மறுபடியும் சத்தியம் செய்ய விடுங்கள் என்று கேட்டாளாம். செய்வித்தார்கள். “அன்னைக்கு நான் சொன்னது பொய் சார். எல்லாரும் சிரிச்சா பின்ன நான் என்னத்தச் சொல்லதுக்கு? அவரு விழுந்தாரு. பிள்ளையளும் விழுந்திருக்கு. என்ன தண்டனையோ தாருங்க, பாலத்தயும் தாருங்க” என்றாளாம். தலைவர், முதலில் சொன்னதையும் இப்போது சொன்னதையும் சேர்த்தே பதிவு செய்யச் சொல்லிவிட்டு, தானாக வந்து திருத்தியதற்கு நன்றி என்றாராம். கதவு சாத்தித்தான் இருந்தது மக்கா, பூட்டவில்லை.

அவள் அத்துடன் நிறுத்தியிருக்கலாம். “இன்னொண்ணும் உண்டு சார். மனுவில ஒரு தடவ விழுந்தேன்னு எழுதியிருக்காரு. அதும் பொய். மூணு தடவ” என்றாளாம். அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று தலைவர் கேட்டதற்கு, “துணி துவைக்கது நானாக்கும் சார். சானல் சேறு மழையில வராது. நாய் கொண்டுபோன செருப்பு மதகுல கிடந்துச்சு” என்றாளாம்.

மறுநாள் தலைவர் தடியை நேரில் பார்க்க வந்தார். பொறியாளரும் மற்றவர்களும் கரையில் நின்றார்கள். தலைவர் கண்டிப்பானவர், நடந்து பார்த்தால்தான் தெரியும் என்று ஏறினார். நடுப்பகுதியில், இணைப்பு ‘அ’வில் நான் குறிப்பிட்ட அதே இடத்தில், வலது கால் வழுக்கி உள்ளே போனார். இடுப்பளவு தண்ணீர். தாணுலிங்கம் தொரட்டியோடு தயாராக நின்றதைப் பார்த்தால், அவர் காலையிலிருந்தே காத்திருந்ததாகத் தோன்றுகிறது. கரையில் யாரும் சிரிக்கவில்லை. உன் மாமி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தலைவர் தண்ணீருக்குள் நின்றபடியே, “கால் கழுவலாம்னு இறங்கினேன்” என்றார்.

“ஆமா சார். நான் பாத்தேன். நீங்க இறங்கினிய” என்றாள் உன் மாமி.

ஷைஜா அவள் காதோரம், “மாமி, இதுக்கும் சத்தியமா?” என்று கேட்டாள்.

“சத்தியம் செய்தா சொன்னேன்? சும்மா இரு ஏட்டி.”

நேற்று இரண்டு பேர் வந்து நாடா பிடித்து அளந்து, இரண்டு கரையிலும் சிவப்பு அடையாளம் போட்டுப் போனார்கள். பாலம் மழைக்குப் பிறகு தொடங்குமாம். ஷைஜாவின் மகள் அந்தச் சிவப்பு அடையாளத்தின்மேல் ஏறி நின்று, பாலத்தில் நிற்கிறேன் என்று கையை ஆட்டினாள். இந்தக் கடிதத்தை ஷைஜாவிடம்தான் கொடுத்துவிடப் போகிறேன்.

ஆகவே, மேலே உள்ளவற்றில் ஒரு திருத்தம். இரண்டாம் அம்சம் தவறு. அதில் ‘உன் மாமி’ என்று இருப்பதை அடித்துவிட்டு ‘உன் மாமா’ என்று போட்டுக்கொள். அவள் சொன்ன பொய்யை அவளே போய்த் திருத்திவிட்டாள். சட்டமன்றத்துக்குப் பொய் எழுதி, உண்மை என்று கையெழுத்தும் போட்டு, இன்னும் திருத்தாமல் உட்கார்ந்திருப்பவன் நான் ஒருவன்தான். நான்காம் அம்சத்தில் கேட்டதையெல்லாம் எனக்காகக் கேட்டதாக வைத்துக்கொண்டு பதில் எழுது.

அவள் சொன்ன மூன்றும் சரியான எண்ணிக்கை அல்ல. நான்கு. நான்காம் முறை கறுப்புக் கைலி கட்டியிருந்தேன், சேறு தெரியவில்லை. இதை அவளிடம் சொன்னால் மறுபடியும் பையை எடுத்துக்கொண்டு மீன் வாங்கக் கிளம்பிவிடுவாள். சபைக்கு நானே தெரிவிப்பதுதான் முறை. எழுதி வைத்திருக்கிறேன். பாலம் முடிந்ததும் அதன்மேல் நடந்துபோய்ப் பெட்டியில் போடுகிறேன்.